மில்லிவோல்ட்டைப் பெருக்கிய பெட்டிகள்: பழைய முன்பெருக்கிகளின் வரலாறும் இன்றைய தகுதியும்

இசைத்தட்டின் வரிப்பள்ளத்தில் ஊர்ந்து செல்லும் ஊசி எழுப்பும் மின்னழுத்தம் மிகச் சிறியது. காந்தம் அசையும் வகைக் கார்ட்ரிட்ஜில் அது 3 முதல் 5 மில்லிவோல்ட் வரையிலும், கம்பிச்சுருள் அசையும் வகையில் ஏறத்தாழ அதில் பத்தில் ஒரு பங்காகவும் இருக்கும். ஸ்பீக்கர்களை இயக்கும் திறன்பெருக்கியோ தன் முழு ஆற்றலைத் தருவதற்கு அரை வோல்ட் முதல் இரண்டு வோல்ட் வரை எதிர்பார்க்கிறது. இந்த நூற்றுக்கணக்கான மடங்கு இடைவெளியை, இரைச்சலைக் கூட்டாமலும் இசையின் உருவைக் குலைக்காமலும் கடக்கச் செய்யும் கருவியே முன்பெருக்கி. ஒலிக்கருவித் தொழிலில் இருப்போர் இதைப் பிரீஆம்ப் என்று சுருக்கமாகச் சொல்வர். வானொலியா, நாடாவா, இசைத்தட்டா என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்சும், வால்யூம் திருகும், பேஸ், ட்ரெபிள் திருகுகளும் அதே பெட்டியில் அமைந்திருந்தமையால், திறன்பெருக்கி அலமாரிக்குப் பின்னால் மறைந்திருந்த வீடுகளிலும் முன்பெருக்கி கண்ணெதிரே இருந்தது. கேட்பவரின் விரல் நாள்தோறும் பட்ட கருவி அது.

1950கள் முதல் 1980கள் வரை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உயர்ந்த விலைக்கு விற்கப்பட்ட முன்பெருக்கிகளுள் சில, இன்றைய புதிய கருவிகளைவிடக் கூடுதல் விலைக்குக் கைமாறுகின்றன. அவை இன்றைக்கும் ஈடுகொடுக்குமா என்று கேட்பவர்களுக்கு, ஒரு சாரார் அக்காலக் கைவேலைக்கு இணையே இல்லை என்றும், மற்றொரு சாரார் அளவுமானிகளைக் காட்டி அவை காலாவதியானவை என்றும் விடை சொல்கின்றனர். எந்தப் பணிக்காக ஒரு முன்பெருக்கி வடிவமைக்கப்பட்டது என்பதைக் கருதாமல் சொல்லப்படும் இவ்விரு விடைகளும் குறையுடையவை. அந்தப் பணி, ஏறத்தாழ 40 ஆண்டுக்காலம், இசைத்தட்டைச் செம்மையாகப் படிப்பது என்ற ஒன்றையே மையமாகக் கொண்டிருந்தது; ஆகவே வரலாற்றையும் அங்கிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுகள் சுழலும் எல்.பி. தட்டை 1948 ஜூனில் நியூயார்க்கில் அறிமுகப்படுத்தியது. நுண்ணிய பள்ளங்களை நெருக்கமாக அமைத்தால்தான் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இசையை அடக்க முடியும். ஆனால் தாழ்ந்த சுருதிகள் ஊசியை அகலமாக அலையச் செய்பவை, அவற்றை உள்ளபடியே வெட்டினால் ஒரு பள்ளம் அடுத்த பள்ளத்துக்குள் புகுந்துவிடும். உயர்ந்த சுருதிகளின் அசைவோ மிக நுண்ணியது, தட்டின் பரப்பில் எழும் சரசரப்பில் அது மூழ்கிவிடும். எனவே பதிவின்போது தாழ்சுருதிகளைக் குறைத்தும் உயர்சுருதிகளைக் கூட்டியும் வெட்டுவது வழக்கமாயிற்று. கேட்கும்போது அதே அளவுக்குத் தாழ்சுருதிகளைக் கூட்டி உயர்சுருதிகளைக் குறைத்தால் இசை தன் இயல்புக்குத் திரும்புவதோடு, சரசரப்பும் உடன் குறையும். இந்தத் திருத்தமே சமன்செய்தல் எனப்படுகிறது. எவ்வளவு குறைப்பது, எவ்வளவு கூட்டுவது என்பதில் கொலம்பியா, ஆர்.சி.ஏ., டெக்கா ஆகிய ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி வழக்கத்தைப் பின்பற்றியதால், 1950களின் தொடக்கத்தில் ஒரு முன்பெருக்கி வாங்கியவர், தட்டை வைப்பதற்கு முன் அதன் லேபிளைப் பார்த்து, அதற்குரிய வளைவுக்குச் சுவிட்சைத் திருப்ப வேண்டியிருந்தது. அமெரிக்க இசைப்பதிவுத் தொழில் சங்கம் 1954ல் வகுத்த பொது வளைவு இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டியது. 'ரியா' என்று அச்சங்கத்தின் முதலெழுத்துகளால் வழங்கும் அந்த வளைவின்படி, 20 ஹெர்ட்ஸ் சுருதி பெறும் பெருக்கம் 20,000 ஹெர்ட்ஸ் சுருதி பெறுவதைப் போல் ஏறத்தாழ 90 மடங்கு. ஒரே மின்சுற்று இந்த 90 மடங்கு வேறுபாட்டைச் சீராக, இரு காதுக்கும் ஒன்றுபோல் தருவது எளிய செயலன்று. முன்பெருக்கியின் தரம் முதன்மையாக இங்கேதான் முடிவாயிற்று.

இந்தக் கலைக்கு அடித்தளமிட்டவர்களுள் பிரிட்டனைச் சேர்ந்தோர் பலர். ஹரால்டு லீக் 1945ல் விற்பனைக்குக் கொண்டுவந்த பெருக்கியின் திரிபு, அதாவது உள்ளே வந்த அலையின் வடிவத்தில் பெருக்கி தானாகச் சேர்க்கும் மாற்றம், 0.1 விழுக்காடுதான் என்று அறிவித்து 'பாயின்ட் ஒன்' என்றே அதற்குப் பெயரிட்டார். 1947ல் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் வெளியான வில்லியம்சனின் மின்சுற்று, வீட்டிலேயே பெருக்கி செய்துகொள்ள விரும்பிய ஒரு தலைமுறைக்கே பாடநூலாயிற்று. அதே இதழில் 1952 அக்டோபரில் பீட்டர் பாக்ஸன்டால் வெளியிட்ட பேஸ், ட்ரெபிள் கட்டுப்பாட்டுச் சுற்று, அதன்பின் உலகெங்கும் செய்யப்பட்ட எண்ணிலடங்காப் பெருக்கிகளில் இடம்பெற்றது.

அமெரிக்காவில் இந்தத் தொழிலின் உச்சமாகப் பேசப்படுவது மாரன்ட்ஸ் 7. சால் மாரன்ட்ஸ் தொழில்முறையில் வரைகலை வடிவமைப்பாளர்; நியூயார்க்கின் கியூ கார்டன்ஸ் பகுதியில் இருந்த தம் வீட்டில், கடையில் கிடைத்த முன்பெருக்கிகள் மனநிறைவு தராமையால் தாமே ஒன்றைச் செய்யத் தொடங்கி, 1953ல் நிறுவனமாக்கினார். பின்னர் அவரோடு சேர்ந்த பொறியாளர் சிட்னி ஸ்மித்தின் திறமையும், மாரன்ட்ஸின் கண்ணும் கூடி உருவானது 1958ன் மாடல் 7. ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்த அதே ஆண்டு அது. இரண்டு தடங்களுக்கும் ஒரே பெட்டியில் இடமளித்து, இரண்டும் எள்ளளவும் வேறுபடாமல் நடக்கச் செய்வது அப்போது புதிய சவால்.

இந்தக் கருவிக்குள் ஈ.சி.சி.83 என்ற வகை வால்வுகள் ஆறு உள்ளன. அமெரிக்கப் பெயரில் 12ஏஎக்ஸ்7 எனப்படும் இந்த வால்வின் ஒரே கண்ணாடிக் குழலுக்குள் இரண்டு தனிப் பெருக்கிகள் இருப்பதால், தடம் ஒன்றுக்கு ஆறு படிகள் கிடைக்கின்றன: இசைத்தட்டுப் பகுதிக்கு மூன்று, பிற்பகுதிக்கு மூன்று. ஒவ்வொரு மூன்றிலும் முதலிரண்டு படிகள் பெருக்குகின்றன. மூன்றாவது படி பெருக்குவதில்லை. கத்தோட் பின்தொடரி எனப்படும் அந்தப் படி, வெளியேறும் சைகைக்கு வலுவூட்டி, இணைப்புக் கம்பி நீளமாக இருந்தாலும் உயர்சுருதிகள் தேய்ந்துபோகாமல் காப்பது. வெளியீட்டின் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி உள்ளீட்டுக்குத் திருப்பியனுப்பி, சுற்று தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளச் செய்யும் எதிர்ப்பின்னூட்ட முறையில் ரியா வளைவு அமைக்கப்பட்டது. பேஸ், ட்ரெபிள் கட்டுப்பாடுகளை வழுக்கிச் செல்லும் திருகுகளாக அமைக்காமல், படிப்படியாக நிற்கும் சுவிட்சுகளாக, இரு தடங்களுக்கும் தனித்தனியாக அமைத்தனர். நடுநிலையில் வைத்தால் அந்தச் சுற்று முழுதாக விலகிக்கொள்ளும். வால்வுகளின் இழையைச் சூடாக்கும் மின்சாரமும் நேர்மின்சாரமாக்கித் தரப்பட்டதால், மின்வழங்கலிலிருந்து புகும் முனகல் ஒலி அக்காலத்து அளவுகோலில் வியக்கத்தக்க அளவு குறைந்தது.

சமன்செய்தலுக்கான சிறு சுவிட்சில் ரியா வளைவோடு, பழைய கொலம்பியா எல்.பி.க்கும் 78 சுழற்சித் தட்டுக்கும் உரிய நிலைகளும் இருந்தன. தமிழ்நாட்டுச் சேகரிப்பாளருக்கு இது வெறும் பழங்கதையன்று. 78 சுழற்சித் தட்டுகள் இந்தியாவில் 1960களின் நடுப்பகுதியிலும் அச்சாகிக்கொண்டிருந்தன, கர்நாடக இசையின் முன்தலைமுறை வித்வான்களின் பதிவுகளில் பெரும்பகுதி அவற்றில்தான் இருக்கிறது. ரியா வளைவு மட்டுமே உள்ள இன்றைய மலிவான முன்பெருக்கியில் அந்தத் தட்டுகளை ஓட்டினால், கூட்டி வெட்டப்படாத உயர்சுருதிகளும் குறைக்கப்பட்டு, குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிவிடும். வளைவைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்சைக் கைவிட்டது, செலவைக் குறைத்த முன்னேற்றம் என்று கருதப்பட்டாலும், பழம்பதிவுகளைப் பொறுத்தவரை உண்மையான இழப்பே.

மாரன்ட்ஸுக்குப் போட்டியாக நின்றது நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் நகரிலிருந்த மெக்கின்டாஷ் நிறுவனம்; அதன் சி22 முன்பெருக்கி 1963ல் வந்தது. கண்ணாடி முகப்பும் அதன் பின்னிருந்து ஒளிரும் எழுத்துகளும் அந்த நிறுவனத்தின் அடையாளங்கள். ஆயினும் வரலாற்று நோக்கில் அதைவிடக் குறிப்பிடத்தக்கது, 1960களின் தொடக்கம் முதல் ஏறத்தாழ 30 ஆண்டுகள் அந்த நிறுவனம் கடைகளில் நடத்திய பெருக்கிப் பரிசோதனை முகாம்கள். எந்த நிறுவனம் செய்த பெருக்கியாயினும் வாடிக்கையாளர் அதைத் தூக்கிவந்தால், கட்டணமின்றி அளந்து, திரிபின் வரைபடத்தைத் தாளில் குறித்துக் கையில் கொடுத்தனர். கருவி மூப்படையும், மூப்பை அளக்க முடியும், அளந்தபின் சரிசெய்ய முடியும் என்ற மூன்று உண்மைகளையும் பொதுமக்களுக்கு உணர்த்திய முயற்சி அது. எல்லாராலும் இத்தகைய விலை கொடுக்க இயலாது என்பதையறிந்த டேவிட் ஹாப்லர், பிலடெல்பியாவிலிருந்து டைனகோ என்ற பெயரில் வாங்குபவரே பூட்டிக்கொள்ளும் உறுப்புத் தொகுதிகளை விற்றார், பி.ஏ.எஸ். வரிசை முன்பெருக்கிகள் அவ்வாறு 1960ஐ ஒட்டி வீடுகளுக்குள் நுழைந்தன.

டிரான்சிஸ்டரின் வருகை இந்தத் தொழிலை ஒரு தலைமுறைக்குத் தடுமாறச் செய்தது. வால்வு 200, 300 வோல்ட்டில் இயங்குவது; தொடக்கக்கால டிரான்சிஸ்டர் சுற்றுகளோ 12 முதல் 30 வோல்ட்டுக்குள் இயங்கியவை. உள்ளே வரும் சைகை திடீரென்று பெரிதானால் அதைத் தாங்கும் இடம் வால்வில் தாராளமாக இருந்தது. டிரான்சிஸ்டரில் அது சுருங்கியது, தட்டில் ஒரு கீறல் பட்டாலோ உரத்த தாள ஒலி வந்தாலோ அலையின் முகடு மழுங்கிக் காதைக் குத்தும் ஒலியாயிற்று. பலர் டிரான்சிஸ்டர் ஒலி என்று வெறுத்தது பெரும்பாலும் இந்தக் குறுகலையே. டிரான்சிஸ்டர் என்ற உறுப்பின் இயல்பாக அதைக் கருதியது அவசர முடிவு.

இந்தத் தடுமாற்றக் காலத்தில் நிதானத்தோடு செய்யப்பட்டதற்குச் சான்று குவாட் 33. பீட்டர் வாக்கர் 1936ல் தொடங்கிய நிறுவனம், இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சுக்குப் பின் லண்டனைவிட்டு ஹன்டிங்டனுக்கு இடம்பெயர்ந்தது. அதன் குவாட் 22 என்ற வால்வு முன்பெருக்கியை அடுத்து, 303 என்ற திறன்பெருக்கியோடு இணையாக 1967ல் 33 வெளிவந்தது. ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய சிறு பெட்டி அது. பின்புறமுள்ள சிறு சுற்றட்டையைக் கழற்றி வேறு பக்கமாகத் திருப்பிச் செருகினால், வெவ்வேறு கார்ட்ரிட்ஜுகளுக்கு ஏற்ப அதன் உணர்திறன் மாறும். பழைய தட்டுகளின் கரகரப்பைத் தணிக்கும் வடிகட்டியை, எந்தச் சுருதியிலிருந்து, எவ்வளவு சரிவாகத் தணிப்பது என்று கேட்பவரே முடிவு செய்யும்படி அமைத்திருந்தனர். பளபளப்புக்கு இடம்தராமல், குறையுள்ள பதிவையும் கேட்கத்தக்கதாக்குவது முன்பெருக்கியின் கடமை என்று வாக்கர் கொண்டிருந்த கொள்கை அந்தத் திருகுகளில் தெரிகிறது.

1970களில் எதிர்த்திசையில் ஓர் இயக்கம் எழுந்தது. விலையைப் பொருட்படுத்தாமல் சிறந்ததைச் செய்வது என்ற அதன் கொள்கையிலிருந்துதான் இன்று 'ஹை எண்டு' என்று வழங்கும் சொல்லாட்சி நிலைபெற்றது. மினியாபொலிஸில் 1970ல் வில்லியம் ஜேன் ஜான்சன் தொடங்கிய ஆடியோ ரிசர்ச், எல்லாரும் கைவிட்ட வால்வையே மீண்டும் எடுத்துக்கொண்டது, அதன் எஸ்.பி.-3, 1978ல் வந்த எஸ்.பி.-6 ஆகியவை வால்வுக்கு மறுவாழ்வளித்தன. கனெக்டிகட் மாநிலத்தில் மார்க் லெவின்சன் என்ற ஜாஸ் இசைக்கலைஞர் தொடங்கிய நிறுவனமோ டிரான்சிஸ்டரிலேயே உச்சத்தைத் தேடியது. குறை இரைச்சல் முன்பெருக்கி என்ற பொருள்படும் எழுத்துகளைப் பெயராகக் கொண்ட எல்.என்.பி.-2, ரிச்சர்ட் பர்வன் வடிவமைத்த பெருக்கித் தொகுதிகளோடு 1973ல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு ஜான் கர்ல் வடிவமைத்த ஜே.சி.-2 வந்தது. ஒலிப்பதிவுக் கூடத்துக் கருவியின் தோற்றமும், முள் அசையும் அளவுமானிகளும், கடைசல் உலோகத் திருகுகளும் கொண்ட எல்.என்.பி.-2, முன்பெருக்கிக்கு அதுவரை யாரும் எண்ணியிராத விலையைக் கேட்டுப் பெற்றது. அதன் பெருக்கித் தொகுதிகள் பிறர் பார்த்துப் படியெடுக்க முடியாதவாறு எபாக்ஸிப் பிசினில் முழுக்க மூழ்கடித்து உறையவைக்கப்பட்டவை. இந்த ஒரு முடிவு பின்னாளில் எவ்வளவு பெரிய தீங்காயிற்று என்பது கீழே சொல்லப்படும்.

இதே ஆண்டுகளில், கடைத்தெருவின் ஆரவாரத்துக்கு அப்பால், முன்பெருக்கி பற்றிய அறிவியல் கூர்மையடைந்தது. கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் கம்பிச்சுருள், தன்னோடு இணைக்கப்படும் சுற்றின் தன்மைக்கேற்ப உயர்சுருதிகளை மாற்றுகிறது என்பதையும், தட்டின் நெளிவு எழுப்பும் செவிக்கெட்டாத தாழ் அதிர்வுகள் இசையைக் குலைக்கின்றன என்பதையும் டாம்லின்சன் ஹோல்மன் 1970களின் நடுப்பகுதியில் விளக்கினார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டான்லி லிப்ஷிட்ஸ் 1979ல் வெளியிட்ட ஆய்வுரையில், ரியா வளைவைக் கணக்கிடப் பலரும் கையாண்டுவந்த வாய்பாடுகள் பிழையானவை என்று நிறுவினார். வழக்கமான பின்னூட்டச் சுற்றின் பெருக்கம் ஒன்றுக்குக் கீழே இறங்க முடியாது. அதனால் வளைவு மிக உயர்ந்த சுருதிகளில் தொடர்ந்து சரியாமல் தட்டையாகிவிடுகிறது. இதைக் கணக்கில் கொள்ளாத புகழ்பெற்ற கருவிகள் செவிக்கெட்டும் எல்லைக்குள்ளேயே சிறு பிழை செய்தன. சுருக்கமாகச் சொன்னால், 1979க்குப் பிந்தைய பொறியாளர் சரியான வளைவைக் கணக்கிட்டே அடையலாம். அதற்கு முந்தியவர் காதாலும் பொறுமையாலும் அடைய வேண்டியிருந்தது. 5534 என்ற ஒருங்கிணைந்த சுற்றும் 1970களின் இறுதியில் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியபின், முன்பு பெருஞ்செல்வர் வாங்கிய தூய்மையைச் சில்லறை விலை உறுப்புகளாலேயே எட்ட முடிந்தது.

சி.டி. 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் வெளியீடு இரண்டு வோல்ட். பெருக்க வேண்டிய தேவையே இல்லை. இசைத்தட்டுப் பகுதி பல முன்பெருக்கிகளிலிருந்து நீக்கப்பட்டது. தூய்மை என்ற பெயரில் பேஸ், ட்ரெபிள் திருகுகளும் அதனோடு போயின. இசைத்தட்டின் காலம் முடிந்தது என்றே அனைவரும் கருதினர். ஆனால் அமெரிக்காவில் 2020ல் இசைத்தட்டு விற்பனையின் வருவாய், 1986க்குப் பின் முதன்முறையாக சி.டி.யின் வருவாயைத் தாண்டியது. அலமாரிகளில் கிடந்த பழைய முன்பெருக்கிகளைத் தூசு தட்டி எடுப்பதற்கான காரணம் அங்கிருந்து வருகிறது.

அவற்றின் இன்றைய தகுதியை ஆராயும்போது, வடிவமைப்பின் குறையையும் உறுப்பின் மூப்பையும் பிரித்துப் பார்ப்பது இன்றியமையாதது. விவாதங்களில் பெரும்பாலானவை இவ்விரண்டையும் குழப்பிக்கொள்பவை. மூப்பின் முதல் இரை மின்தேக்கி. பழுதுபார்ப்போர் கண்டென்சர் என்பது இதையே. மின்வழங்கலில் உள்ள பெரிய மின்தேக்கிகளுக்குள் அலுமினியத் தகடுகளுக்கிடையே ஈரமான தாள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த ஈரம் உலர உலர முனகல் ஒலி தலைகாட்டுகிறது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் சைகையை மட்டும் கடத்தி, நேர்மின்னழுத்தத்தைத் தடுத்து நிறுத்தும் சிறு மின்தேக்கிகளின் நிலை இன்னும் நுட்பமானது. மாரன்ட்ஸ் 7, மெக்கின்டாஷ் சி22 ஆகியவற்றின் காலத்தில் பயன்பட்ட, கறுப்பு உடலில் வண்ணப் பட்டைகள் சுற்றியிருப்பதால் 'பம்பிள் பீ' என்று வண்டின் பெயரால் அழைக்கப்படும் எண்ணெய்த்தாள் மின்தேக்கிகளைச் சேகரிப்பாளர்கள் போற்றுகின்றனர். அவற்றின் வார்ப்பு உறையில் மயிரிழை போன்ற வெடிப்பு விழுந்து, அதன் வழியே ஈரம் புகுந்தால், தடுக்க வேண்டிய மின்சாரத்தைக் கசியவிடத் தொடங்குகின்றன. கசிவு ஒரு மைக்ரோஆம்பியர்தான் என்று கொண்டாலும், அடுத்த வால்வின் வாயிலில் உள்ள ஒரு மெகாஓம் மின்தடையில் அது ஒரு வோல்ட் ஆகிறது, ஈ.சி.சி.83 வால்வு சரியாக இயங்கத் தேவைப்படும் சார்பு மின்னழுத்தமே ஏறத்தாழ அவ்வளவுதான். வால்வு தன் நிலையிலிருந்து தள்ளப்பட, ஒலி தடிக்கிறது, விளிம்புகள் மழுங்குகின்றன. பழைய கருவியின் கனிந்த ஒலி என்று சிலர் நெகிழ்ந்து பேசுவது பல வேளைகளில் இந்தக் கசிவின் ஒலியே. பழுது நீக்கிய மாரன்ட்ஸ் 7ன் ஒலி தெளிவானது, நேரானது. கேட்டவர் சிலர் ஏமாற்றமடைவதும் உண்டு.

கரிக்கலவை மின்தடைகள் காலப்போக்கில் மதிப்பு கூடி இரைச்சல் எழுப்புவது, மாறுமின்சாரத்தை நேராக்கும் செலினியத் தகடுகள் தளர்ந்து மின்னழுத்தத்தைக் குறைப்பது, சுவிட்சுகளின் வெள்ளித் தொடுமுனைகள் கறுப்பது ஆகியவையும் மூப்பின் பிற குறிகள். கடற்கரை நகரங்களின் ஈரமும் வெப்பமும் இவை அனைத்தையும் விரைவுபடுத்துகின்றன. ஆயினும் இவை யாவும் மாற்றக்கூடிய உறுப்புகள். வால்வுக்கும் பஞ்சமில்லை, ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளில் ஈ.சி.சி.83 இன்றும் புதிதாக உற்பத்தியாகிறது. டெலிஃபங்கன் நிறுவனத்தின் பழைய வால்வையே நாடுவோர், அச்சிட்ட பெயரை நம்பாமல், அடிக்கண்ணாடியில் ஊசிகளுக்கு நடுவே வார்க்கப்பட்டிருக்கும் வைர வடிவக் குறியைத் தடவிப் பார்ப்பது நல்லது. அச்சு போலியாக இடப்படுவது வழக்கம்.

இந்த இடத்தில்தான் வால்வுக் கருவி டிரான்சிஸ்டர்க் கருவியை வெல்கிறது. ஈ.சி.சி.83 கிடைக்கும், 1970களின் ஜப்பானிய டிரான்சிஸ்டர் வகைகளில் பல நின்றுபோயின. எபாக்ஸியில் புதைக்கப்பட்ட லெவின்சன் தொகுதி பழுதானால் உள்ளிருப்பதைத் தொட வழியில்லை. வேறொரு கருவியிலிருந்து கழற்றியெடுத்த தொகுதியையோ, பின்னாளில் செய்யப்பட்ட மாற்றையோ தேட வேண்டியிருக்கிறது. ஒலித் தூய்மையில் தன் காலத்தின் முன்னணியில் நின்ற கருவி, நீண்ட ஆயுளில் டைனகோவின் மலிவுப் பெட்டிக்குத் தோற்றுப்போவது இதனால்தான். பிறர் படியெடுப்பார்களே என்ற அச்சத்தில் மூடப்பட்டது, செய்தவர்களின் உழைப்பையே புதைத்துவிட்டது.

வடிவமைப்பின் குறைகளும் இல்லாமலில்லை. அரை மில்லிவோல்ட்டுக்கும் குறைவாகத் தரும் கம்பிச்சுருள் அசையும் கார்ட்ரிட்ஜை நேராக இணைத்தால் மாரன்ட்ஸோ மெக்கின்டாஷோ இரைச்சலின்றிப் படிக்கமாட்டா. இடையே ஒரு சிறு மின்மாற்றி வேண்டும். இன்றைய டிஜிட்டல் கருவிகள் தரும் இரண்டு வோல்ட்டும் அவற்றுக்கு மிகை. குவாட் 33ன் வானொலி உள்ளீடு 100 மில்லிவோல்ட்டை எதிர்பார்ப்பது. இருபது மடங்கு பெரிய சைகை வந்தால், வால்யூம் திருகை முதல் சில பாகைகளுக்கு மேல் திருப்ப இயலாது, அந்தத் தொடக்கப் பகுதியிலோ கரித்தடத்தாலான இரட்டைத் திருகின் இரு பாதிகளும் ஒத்துப்போவதில்லை, பாடகர் ஒரு பக்கமாக நகர்ந்துவிடுவார். கம்பியின் முனையில் இரண்டு மின்தடைகளைச் சேர்த்துச் சைகையைத் தணித்தால் தீரும் குறை இது. டைனகோவின் வெளியீட்டில் மாரன்ட்ஸில் உள்ளது போன்ற பின்தொடரிப் படி இல்லை. மின்மறிப்பு குறைந்த இன்றைய திறன்பெருக்கிகளோடு நேராக இணைத்தால் தாழ்சுருதிகள் மெலிந்துபோகின்றன.

இவற்றுக்கு எதிரே வைக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. நல்ல எல்.பி. தட்டின் பரப்பு எழுப்பும் சரசரப்பே இசையின் உரத்த பகுதிக்கு 60, 70 டெசிபல் அளவே கீழே இருப்பது. ஒழுங்காகச் செப்பனிட்ட மாரன்ட்ஸ் 7, காந்தம் அசையும் கார்ட்ரிட்ஜோடு சேரும்போது, அதன் இரைச்சல் தட்டின் சரசரப்புக்குள் மறைந்துவிடுகிறது. அதைவிடப் பல மடங்கு தூய்மையான இன்றைய சுற்று அளவுமானியில் வெல்லும். தட்டைக் கேட்பவரின் காதுக்கு அந்த வெற்றி பெரும்பாலும் எட்டுவதில்லை. டிஜிட்டல் இசையை மட்டும் கேட்பவருக்கோ இந்தப் பழைய பெட்டிகளால் பயன் ஏதுமில்லை. அவர் கொடுக்கும் விலை அழகுக்கும் வரலாற்றுக்கும் உரியது. ஆக, இசைத்தட்டு கேட்பவருக்கு மாரன்ட்ஸ் 7, சி22 போன்ற வால்வுக் கருவிகள் முழுத் தகுதியுடையவை. குவாட் 33 தகுதியுடையது, முதல் வரிசையன்று. எபாக்ஸித் தொகுதிகள் கொண்டவை, பழுதுபார்க்க வழி தெரிந்தவர் மட்டும் வாங்கத்தக்கவை. நிறுவனங்களின் நடத்தையும் இதையே காட்டுகிறது: மாரன்ட்ஸ் 7ம் சி22ம் 1990களில் மறுபதிப்பாக வந்தன, குவாட் தன் 33 என்ற பெயரையும் தோற்றத்தையும் 2024ல் புதிய சுற்றோடு மீட்டெடுத்தது.

விலை உயர உயர, உள்ளே உள்ள உறுப்புகள் தொடப்படாமல் இருக்க வேண்டும் என்ற கோரிக்கையும் வலுக்கிறது. கசியும் மின்தேக்கியை அசல் என்பதற்காக விட்டுவைப்பது, அறுந்த தந்தியை அசல் என்பதற்காக வீணையில் விட்டுவைப்பதற்கு ஒப்பாகும். வாசிக்கப்படாத வீணையைப் போல் அந்தக் கருவியும் காட்சிப்பொருளாகிவிடும். மின்மாற்றி, சுவிட்சுகள், முகப்பு, கம்பியிணைப்பின் ஒழுங்கு ஆகியவை கருவியின் உடல். மின்தேக்கியும் வால்வும் தேயும் பொருள்கள் என்று 1958ல் அதைச் செய்தவர்களே அறிந்திருந்தனர்.

இத்தகைய கருவியைப் புதிதாகப் பெறுபவர் அதை உடனே மின்சாரத்தில் செருகிவிடக் கூடாது. அமெரிக்காவில் விற்கப்பட்டவை 117 வோல்ட்டுக்கும், ஜப்பானில் விற்கப்பட்டவை 100 வோல்ட்டுக்கும் உரியவை, இந்தியாவின் 230 வோல்ட்டில் நொடியில் கருகிவிடும். நிலத்தொடர்புக் கம்பி இல்லாத இரு முனைச் செருகியும் ஆபத்தானது. வெளியீட்டைக் கூட்டிக் குறைக்கவல்ல மின்மாற்றியின் வழியே மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, மின்தேக்கிகளைச் சோதித்த பின்னரே முழு மின்சாரம் தர வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த முதிய மெக்கானிக்குகள் பழைய வானொலிக் கடைகளில் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் கழற்றிய உறுப்புகளைக் குப்பையில் எறியாமல் கேட்டு வாங்கி, எது எங்கிருந்தது என்று ஒரு தாளில் குறித்து, மின்சுற்று வரைபடத்தோடு ஓர் உறையிலிட்டுக் கருவியுடனேயே வைத்திருங்கள். இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து அதைத் திறப்பவருக்கு அந்த உறை தேவைப்படும்.